சாலமோனுக்கு விற்ற பொற்காசு

பார்த்திபன் முப்பத்தொரு வருஷம் அளந்துகொண்டிருந்தார். கல்பாக்கத்து அணு ஆராய்ச்சி அலுவலகத்தில் அளவுக்கூடம் என்று ஒரு குளிர்பதன அறை உண்டு. பட்டறையில் கடைந்து வரும் ஒவ்வொரு உலோகத் துண்டும் அங்கே வந்து, ஒரு நாள் முழுக்கச் சும்மா கிடந்து அறையின் குளிருக்குப் பழகிய பிறகுதான் அளவுக்குப் போகும். தலைமுடியின் பருமனில் நூறில் ஒரு பங்கு கூடியிருந்தாலும் அவர் திருப்பி அனுப்பிவிடுவார். "பார்த்திபன் கையெழுத்துப் போட்டாச்சுன்னா அதுக்கு மேல பார்க்கவேண்டாம்" என்று அலுவலகத்தில் ஒரு பேச்சு இருந்தது. யாராவது அதை எதிரில் சொன்னால் அவர் தலையைக் குனிந்துகொள்வார். உள்ளுக்குள் அந்தப் பேச்சு அவருக்கு ரொம்பப் பிடிக்கும்.

சொந்த ஊர் விருதுநகர் பக்கம். மனைவி பிரபாவதி சதுரங்கப்பட்டினத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஒரே மகள் வைஷாலி. குவார்ட்டர்ஸில் இருந்த காலத்திலேயே புதுப்பட்டினத்தில் ஒரு மனை வாங்கி, இரண்டு அறையும் ஒரு மாடிப்படியுமாகக் கட்டிக்கொண்டார்கள்.

காசுப் பைத்தியம் கல்யாணமான புதிதில் தொற்றியது. மாமல்லபுரத்துக்குச் சுற்றப் போயிருந்தபோது, பாசிமணி விற்கும் ஒரு பெண் அவரை வழிமறித்து, வெள்ளைக்காரர் யாரோ கொடுத்த ஒரு நாணயத்தைக் காட்டி, "இத்த வெச்சிகினு நான் இன்னா பண்றது, நீயாச்சும் மாத்திக் குடு சார்" என்றாள். அமெரிக்க அரை டாலர். இருபது ரூபாய் கொடுத்து வாங்கினார். மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அளவுக்கூடத்தில் வைத்து அதன் விட்டத்தை அளந்தார். நாணயப் புத்தகத்தில் போட்டிருந்த அளவுக்கு ஒரு நூல் பிசகவில்லை. எங்கோ ஒரு தேசத்தில் தன்னைப்போலவே ஒருவன் உட்கார்ந்து, சரி பார்த்து, 'போ' என்று அனுப்பியிருக்கிறான் என்று தோன்றியது. அந்த நினைப்பு அவரை விடவில்லை.

சாலமோன் பழக்கமானது அதற்கப்புறம். மாமல்லபுரத்தில் டூரிஸ்ட் கார் ஓட்டுபவர். கைடுகள், சாவிக்கொத்து விற்பவர்கள், ஓட்டல் பையன்கள் எல்லாரிடமும் சேரும் அந்நிய நாட்டுச் சில்லறை கடைசியில் அவர் கைக்குத்தான் வந்துசேரும். பார்த்திபன் மாதத்தில் இரண்டு சனிக்கிழமை பஸ் பிடித்து அங்கே போவார். காரின் டாஷ்போர்டில் ஒரு சோப்பு டப்பாவைத் திறந்துவைத்து இருவரும் தலையோடு தலை முட்ட உட்கார்ந்திருப்பார்கள். "உங்க ஆளுங்க நாலு பேரு வந்துகீறாங்க சார்" என்று சாலமோன் அமெரிக்கக் காசுகளைத் தனியே எடுத்துவைத்திருப்பார். பார்த்திபனிடம் கேட்டுக் கேட்டு அவருக்கும் அந்தப் பித்து வந்துவிட்டது. இருபது வருஷம் இப்படிப் போயிற்று. அலுவலகத்தில் அத்தனை பேர் இருந்தும், பார்த்திபன் வீட்டு விசேஷத்துக்கு முதல் ஆளாக வந்து பந்தியில் தண்ணீர் ஊற்றியவர் சாலமோன்தான்.

அமெரிக்காவின் பழைய தங்கக் காசுகளைப் பற்றிப் பார்த்திபன் படித்தது பிற்பாடு. 1834ஆம் வருஷத்துக்கு முன்னால் அந்த அரசாங்கம் அடித்த காசுகளில், அவற்றின் முகமதிப்பைவிடத் தங்கத்தின் பெறுமானம் அதிகமாகிவிட்டது. ஐந்து டாலர் காசை உருக்கினால் ஐந்து டாலருக்கு மேலேயே கிடைத்தது. விடுவார்களா? மூட்டை மூட்டையாக உருக்கித் தீர்த்துவிட்டார்கள். தப்பியவை கொஞ்சம். தரம் இருபத்திரண்டு காரட். நம் கடைகளில் 916 என்கிறார்களே, கிட்டத்தட்ட அதுதான். அப்படி ஒரு காசைக் கையில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று பார்த்திபன் ஆசைப்பட்டார். எட்டு வருஷம் ஆசைப்பட்டார்.

2016இல் சென்னையில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த நாணயக் கண்காட்சியில் அது கிடைத்தது. 1806ஆம் வருஷத்து ஐந்து டாலர். ஒரு பக்கம் துணித்தொப்பி போட்ட பெண்முகம், சுற்றிலும் பதின்மூன்று நட்சத்திரம். மறுபக்கம் மார்பில் கேடயம் தாங்கிய கழுகு. ஐந்து டாலர் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. அந்தக் காலத்தில் எழுதமாட்டார்களாம். அமெரிக்காவுக்கு அனுப்பிச் சோதித்து, பிளாஸ்டிக் உறையில் முத்திரை வைத்து வாங்கிய காசாக இருந்தால் விலை இன்னும் ஒரு பங்கு கூடும். இது உறையில்லாத காசு. வியாபாரி வெளியூர்க்காரர். "சந்தேகம்னா அனுப்பிப் பார்த்துட்டு வாங்குங்க சார்" என்றுகூடச் சொன்னார். பார்த்திபன் சிரித்தார். தன் அளவுக்கு மேல் எவன் அளவு?

எடை பார்த்தார். விட்டம் பார்த்தார். தண்ணீரில் தொங்கவிட்டு அடர்த்தி பார்த்தார். செங்கல்பட்டு நகைக்கடை மெஷினில் வைத்துத் தங்கத்தின் தரம் பார்த்தார். எல்லாம் சரி. வைப்பு நிதியிலிருந்து மூன்று லட்சத்து எண்பதாயிரம் எடுத்துக் கொடுத்தார்.

பிரபாவதி காசை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "கழுத்துல போட்டுக்கவாவது முடியுமா?" என்றாள்.

"வளையம் வெச்சுப் பத்தவெச்சா மதிப்பு பாதியாயிடும்."

"அப்ப பூட்டியே வைங்க" என்று திருப்பிக் கொடுத்தாள். 

மூன்று வருஷம் அது அவரிடம் இருந்தது. பெண்முகத்தின் தாடைக்குக் கீழே நகம் பட்டதுபோல ஒரு சின்னக் கீறல். எத்தனை பேர் கை மாறியபோது, எந்த மேஜை விளிம்பில் பட்டதோ என்று அவர் நினைத்துக்கொள்வார். ஒரு மனிதரின் முகத்தில் இருக்கும் மச்சத்தைப்போல அந்தக் கீறலை அவருக்குப் பிடித்திருந்தது. பெரிதாக்கிப் படங்கள் எடுத்துக் கம்ப்யூட்டரில் போட்டுவைத்தார்.

2019இல் வைஷாலிக்கு அயர்லாந்தில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்தது. பணம் போதவில்லை. காசை விற்கலாம் என்று பார்த்திபன் சொன்னபோது சாலமோன், "வேற யார்க்கும் குடுக்காதீங்க சார். எனக்குக் குடுங்க" என்றார். இருந்த இரண்டு கார்களில் பழையதை விற்று, நாலரை லட்சம் புரட்டினார்.

"எதுக்கு சாலமோன் இவ்வளவு போட்டு?" என்று பார்த்திபனே கேட்டார்.

"இருவது வருசமா வெள்ளக்காரனுக்கு கதவ தொறந்து வுட்னுகீறேன் சார். அவனுங்ககிட்டயே இல்லாத ஒரு காசு எங்கைல கெடக்கட்டுமே."

இதுவரை நடந்ததில் எந்தத் தப்பும் இல்லை. கொடுத்தவரும் நம்பிக் கொடுத்தார், வாங்கியவரும் நம்பி வாங்கினார்.

பார்த்திபன் ஓய்வு பெற்ற பிறகு, 2022 பிப்ரவரியில் ஒரு காலைப் பொழுது. நாணயம் சேர்ப்பவர்களின் இணையக் குழு ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். அமெரிக்கர் ஒருவர் மூன்று 1806ஆம் வருஷத்துக் காசுகளின் படங்களைப் போட்டிருந்தார். மூன்றும் மூன்று நாடுகளில் விற்றவை. மூன்றிலும், பெண்முகத்தின் தாடைக்குக் கீழே, நகம் பட்டதுபோல ஒரு சின்னக் கீறல்.

பார்த்திபன் அந்தப் படங்களைப் போனில் சேமித்துக்கொண்டு, தன் படங்களைத் திறந்து பக்கத்தில் வைத்தார். அதே இடம், அதே சாய்வு, அதே நீளம்.

கீறல் என்பது ஒரு காசுக்கு ஏற்படும் விபத்து. இரண்டு காசுக்கு அதே இடத்தில் அதே விபத்து நடக்காது. எவனோ ஓர் அசல் காசை எடுத்து, அதிலிருந்து அச்சு செய்து, அசல் தங்கத்திலேயே புதிதாக அடித்துத் தள்ளியிருக்கிறான். அசலில் இருந்த கீறலும் அச்சில் ஏறி, எல்லாப் பிள்ளைகளுக்கும் வந்துவிட்டது. அதனால்தான் எடை சரி, அளவு சரி, தரமும் சரி. அவர் அளந்த எதுவும் பொய்யில்லை. அளக்கத் தெரியாத ஒன்றில் ஏமாந்திருந்தார்.

அன்றைக்கே சாலமோனுக்குப் போன் போட்டார். அவர் வாயைத் திறப்பதற்குள் அந்தப் பக்கம் சாலமோனின் குரல் துள்ளியது. "சார்! ரெண்டு வருசம் கழிச்சி இன்னிக்குதான் சார் மொத ஃபாரின் பார்ட்டி. பிரான்சு. நாலு நாளு சவாரி! வண்டிய கய்வினு கீறேன்." கொரோனாவால் இரண்டு வருஷமாகச் சவாரி இல்லாமல், காய்கறி ஏற்றி ஓட்டியவர். பார்த்திபன், "ரொம்ப சந்தோஷம்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

விற்ற வியாபாரியின் எண்ணுக்கு அடித்தார். அந்த எண் உபயோகத்தில் இல்லை. சாலமோன் கொடுத்த பணம் அயர்லாந்தில் கரைந்து வெகுநாளாயிற்று. அடுத்த வாரம் சொல்லலாம் என்று நினைத்தார். அடுத்த வாரம் போயிற்று. ஒரு மாதம் ஆனதும், ஏன் ஒரு மாதம் சொல்லவில்லை என்ற கேள்வியும் கூடச் சேர்ந்துகொண்டது. ஆறு மாதம் ஆனபோது அந்தக் கேள்விதான் பெரிதாக இருந்தது. இன்னொன்றும் இருந்தது, அதை அவர் தனக்குள்ளேகூடச் சொல்லிக்கொள்ளவில்லை: பார்த்திபன் கையெழுத்துப் போட்ட ஒரு பொருள் போலி என்று அவர் வாயாலேயே சொல்ல வேண்டும்.

சனிக்கிழமை போவதை நிறுத்தினார். முட்டி வலி என்று சொன்னார். நான்காவது சனிக்கிழமை சாலமோனே காரை எடுத்துக்கொண்டு புதுப்பட்டினம் வந்துவிட்டார். கையில் திருக்கழுக்குன்றத்து வைத்தியரிடம் வாங்கிய எண்ணெய் பாட்டில். "இத்த சூடு காட்டித் தேய்க்கணும் சார். என் வூட்டுக்காரி ஸ்டெல்லாவுக்கு பத்தே நாள்ல நின்னுபோச்சி" என்று தானே குனிந்து பார்த்திபனின் வேட்டியை முட்டிவரை ஏற்றினார். "வேணாம் சாலமோன், வேணாம்" என்று பார்த்திபன் காலை இழுத்துக்கொண்டார். சாலமோனின் போன் திரையில் அந்தக் காசின் பெண்முகம் இருந்தது.

அவர் போன பிறகு பிரபாவதி, "உங்களுக்கும் அவருக்கும் ஏதாவது மனஸ்தாபமா?" என்று கேட்டாள். இல்லை என்றார். சாப்பாடு குறைந்தது. படம் எடுப்பது, அளப்பது எல்லாம் விட்டுப்போயிற்று. காசு ஆல்பங்களைத் தொட்டால் கை கூசியது. டிவியில் எதையாவது போட்டுவிட்டு வேறெங்கோ பார்த்துக்கொண்டிருப்பார்.

2024 ஆகஸ்டில் சாலமோன் கூப்பிட்டார். புதுக் கார் ஒன்று வாங்க வேண்டும், காசை விற்கப்போகிறார். கேளம்பாக்கத்தில் ஒரு ஐ.டி. பையன் ஏழு லட்சத்துக்குக் கேட்கிறான். "ஞாயித்துக்கெழம நீங்க கூட வந்தா போதும் சார். நீங்க ஒரு வார்த்த சொன்னா மேட்டர் ஓவர்."

அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். பார்த்திபன், "வர்றேன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை திருப்போரூர் வழியாகப் போனார்கள். சாலமோன் தலைக்குச் சாயம் அடித்து, தேய்த்த வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். பேட்டரி காரா, டீசல் காரா என்று வழியெல்லாம் அவர்தான் பேசினார். பார்த்திபன் இரண்டு தடவை தொண்டையைக் கனைத்தார். இரண்டு தடவையும் சாலமோன், "தண்ணி பாட்லு பின்னாடி கீது சார்" என்றார்.

பதினோராவது மாடி. அபிஷேக் என்ற அந்த இளைஞருக்கு முப்பது வயது சுமாருக்கு இருக்கும், கோயம்புத்தூர்க்காரர். மேஜைமேல் கறுப்பு வெல்வெட் துணி விரித்து, அதன்மேல் காசை வைத்து, கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். தொடவே தயங்கினார்.

"நீங்க அளவுக்கூடத்துல இருந்தீங்கன்னு அண்ணன் சொன்னாருங்க சார். வேற சர்டிபிகேட்டே வேண்டாம். நீங்க சொல்லுங்க, ஒரிஜினல்தானுங்களே?"

பார்த்திபன் லென்ஸை எடுத்தார். தேவையில்லை, ஆனாலும் எடுத்தார். தாடைக்குக் கீழே அந்தக் கீறல். முன்பின் தெரியாத ஒரு பையன் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. இங்கே 'ஆமாம்' என்று சொன்னால் சாலமோன் தப்பித்தார், தானும் தப்பித்தாயிற்று, இந்தப் பையன் மாட்டிக்கொண்டான். அவன் இன்னொருவனுக்கு விற்பான்.

"தங்கம் நிஜம். தொண்ணூத்தொண்ணு புள்ளி ஆறு சதவீதம். எடையும் சரி" என்றார். "ஆனா 1806ல அடிச்சது இல்ல. இது போலி."

சாலமோன் சிரித்துவிட்டார். "சார் டமாசு பண்றாரு தம்பி."

"இல்ல சாலமோன்."

அவர் தன் போனை எடுத்து அந்த மூன்று படங்களைக் காட்டினார். கீறல் எப்படி அச்சில் ஏறும் என்று விளக்கினார். அளவுக்கூடத்தில் பேசுவதுபோல இருந்தது. அபிஷேக் போனை வாங்கி, படங்களைப் பெரிதாக்கி, காசோடு ஒப்பிட்டுப் பார்த்தார். பிறகு படங்களின் தேதியைப் பார்த்து, கெட்ட எண்ணம் எதுவுமில்லாமல், "நல்லவேளைங்க சார். இந்தப் படமெல்லாம் 2022லயே சேவ் பண்ணி வெச்சிருக்கீங்களே" என்றார்.

சாலமோன் பார்த்திபனைத் திரும்பிப் பார்த்தார்.  காசை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

லிஃப்டில் இறங்கிக் காரில் ஏறினார்கள். கார் திருப்போரூர் தாண்டியது. பூஞ்சேரி கூட்டுரோடில் ஓரமாக நிறுத்திவிட்டு, சாலமோன் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"ரெண்டரை வருசமா தெர்யும்?"

"தெரியும்."

"நான் எண்ண பாட்லு எடுத்துகினு வந்தன்னிக்கு?"

"அன்னைக்கும் தெரியும்."

"நீங்களும் ஏமாந்துதான் வாங்கனீங்க. அத்த நான் கேக்கல." சாலமோனின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. "அந்தப் புள்ள முன்னாடி வெச்சி எனக்குச் சொல்றீங்களே சார். இருவது வருசம். ஒரு போனு போட்டு, சாலமோனு, நம்ப ரெண்டு பேரும் ஏமாந்துட்டோண்டா அப்டின்னு சொல்லியிருந்தா, ஒரு டீ குடிச்சிட்டு சிரிச்சிருப்பேன்."

"பணத்தை நான்…"

"எறங்கிக்கோங்க சார். பஸ்ஸு வருது."

பார்த்திபன் இறங்கினார். கல்பாக்கம் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தார்; உட்கார இடம் இருந்தது.

வீட்டுக்கு வந்து பிரபாவதியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் குக்கரை இறக்கிவைத்துவிட்டு எதிரில் வந்து உட்கார்ந்தாள். முழுக்கக் கேட்டாள். "என்கிட்டயும்தான் சொல்லல" என்றாள் கடைசியில்.  பிறகு, "ஆல்பம் எல்லாத்தையும் வித்துடுங்க. குறையறதுக்கு என் டெபாசிட்டை உடைச்சுக்கலாம்" என்றாள்.

வெள்ளி டாலர்களில் பெரும்பகுதியை அபிஷேக்கே வாங்கிக்கொண்டார். "உங்ககிட்ட வாங்கறதுக்கு எனக்கு பயமில்லைங்க சார்" என்றார். அந்த வார்த்தையைக் கேட்கப் பார்த்திபனுக்கு வெட்கமாக இருந்தது. நாலரை லட்சத்தையும் வங்கி வழியாக சாலமோனுக்கு அனுப்பினார். ஒரு மணி நேரத்தில் போனில் ஒற்றை வார்த்தை வந்தது: 'வந்துச்சு.'

அவ்வளவுதான். நான்கு மாதம் ஒன்றுமில்லை. காசு சாலமோனிடமே இருந்தது. அது எங்கே போகும், யார் கையில் சேரும் என்று பார்த்திபன் கவலைப்பட்டார். கேட்க உரிமை இல்லை என்றும் நினைத்தார். ஒருநாள் மாமல்லபுரம் வரை போய், கார் ஸ்டாண்டை எட்டத்திலிருந்து பார்த்துவிட்டுத் திரும்பினார். சாலமோன், புதுசு எதுவும் வாங்காமல், அதே காரின் பானட்டில் சாய்ந்து நின்றிருந்தார்.

டிசம்பரில் போன் வந்தது. "செங்கல்பட்டுக்கு வாங்க சார். ராமர் கோயில் தெரு பக்கம் ஒரு பட்டறை. அந்தக் காச உருக்கப் போறேன். நீங்க பாக்கணும்."

பட்டறைக்காரர் காசைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இவ்ளோ சூப்பரா கீது, இத்த ஏன் உருக்கச் சொல்றீங்க?" என்றார்.

"சார்கிட்ட கேளுங்க" என்றார் சாலமோன்.

பார்த்திபன் இரண்டாம் தடவையாக ஓர் அந்நியரிடம் சொன்னார். "இது போலிங்க. நான்தான் தெரியாம வாங்கி இவருக்கு வித்தேன்."

காசு தங்கம் உருக்கும் மண்கிண்ணத்தில் விழுந்தது. நெருப்பு சீறியது. முதலில் நட்சத்திரங்கள் மழுங்கின, பிறகு முகம் சாய்ந்தது, பிறகு எதுவும் இல்லை. ஒரு மஞ்சள் துளி உருண்டு நின்றது. அது தன் காசாக இருந்த மூன்று வருஷத்தில் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டது பொய்யா நிஜமா என்று பார்த்திபனுக்குத் தெரியவில்லை. கண் எரிந்தது. புகை என்று துடைத்துக்கொண்டார்.

சாலமோன் அந்தத் தங்கத்தைக் காகிதத்தில் மடித்து நீட்டினார். "டப்பு எனக்கு வந்துட்சி. இது உங்களது."

"ஸ்டெல்லாவுக்கு ஏதாவது…"

"வாணாம் சார்."

வெளியே வந்து நின்றார்கள். சாலமோன் கார் சாவியை விரலில் சுற்றியபடி, "முட்டி எப்டி கீது?" என்று கேட்டார்.

"முட்டி வலி எப்பவும் இருந்ததில்ல, சாலமோன்."

சாலமோன் தலையாட்டினார். "ஸ்டெல்லா அப்பவே சொல்லிச்சி, அந்தாளு நடக்கறது நல்லாத்தான் கீதுன்னு." ஒரு கணம் சிரிப்பு வருவதுபோல இருந்தது, வரவில்லை. "வரேன் சார்" என்று காரில் ஏறினார். கூட வாங்க என்று சொல்லவில்லை. பார்த்திபனும் எதிர்பார்க்கவில்லை. அதற்குப் பிறகு அவர்கள் சந்திக்கவில்லை.

ஜனவரியில் பார்த்திபன் அந்த இணையக் குழுவில் தன் படங்களைப் போட்டு எழுதினார். எந்த வருஷம் வாங்கினார், என்னென்ன அளந்தார், எதைப் பார்க்கத் தவறினார், தெரிந்த பிறகு எத்தனை மாதம் நண்பரிடம் மறைத்தார் என்று எல்லாவற்றையும், சொந்தப் பெயரில் எழுதினார். பழகிய சிலர் ஆறுதல் சொன்னார்கள். ஒருவர், இத்தனை அனுபவசாலி எப்படி ஏமாறலாம் என்று கேட்டார். 

பத்து நாள் கழித்து விசாகப்பட்டினத்திலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். ஓய்வு பெற்ற ரயில்வே ஊழியர். அவரிடமும் அதே காசு, அதே கீறல். போன மாதம்தான் தன் மைத்துனருக்கு விற்றாராம். 'நீங்கள் நிச்சயமாகச் சொல்கிறீர்களா? இதை யாருக்கும் சொல்லாமல் இருந்துவிட முடியாதா?' என்று கேட்டு, கீழே போன் எண்ணும் கொடுத்திருந்தார்.

மணி பதினொன்று. பிரபாவதி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பார்த்திபன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, அந்த எண்ணை ஒவ்வோர் இலக்கமாக அழுத்தினார். அந்தப் பக்கம் மணி அடிக்க ஆரம்பித்தது.